கனடாவின் தமிழ் நிதி ஆலோசகர்களுக்கு ஒரு திறந்த மடல்

காப்புறுதி, முதலீடு, கல்விச் சேமிப்பு என்று இந்த நாட்டில் எங்கள் சனத்தின் காசுக்கு வழி சொல்லும் தமிழ் ஆலோசகர்களுக்கும், உங்கள் தொழில்சார் சங்கங்களை நடத்துகிறவர்களுக்கும் வணக்கம்.

ஸ்காபரோவில் வருமானவரிக் கணக்குச் செய்வது என் தொழில். பெப்ரவரிக் கடைசியில் குந்தினால் ஏப்ரல் 30 வரைக்கும் எழும்ப நேரமிருக்காது. என் மேசைக்கு இரண்டு விதமான தாள்கள் வருகின்றன. ஒன்று, நீங்கள் எங்கள் குடும்பங்களுக்கு எழுதிக் கொடுத்த காப்புறுதி, ஆர்.ஈ.எஸ்.பி என்ற பிள்ளைகளின் கல்விச் சேமிப்பு, பலருடைய காசைச் சேர்த்து முதலிடுகிற மியூச்சுவல் ஃபண்ட் என்பவற்றின் பத்திரங்கள். மற்றது, உங்களில் பலர் நேரே கொண்டுவந்து தருகிற நன்கொடை ரசீதுகள். வைத்தியசாலைக்குக் கொடுத்தது, பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தது, போரில் கால் இழந்தவர்களுக்கு அனுப்பியது என்று அந்த ரசீதுகளைக் கூட்டி எழுதும்போது உண்மையாகவே மனம் குளிர்கிறது. பலருக்கு வெளியே தெரியாத கொடைகளும் அதற்குள் இருக்கும். யாருடைய கணக்கையும் நான் இங்கே திறக்கப் போவதில்லை. ஆனால் இந்த இரண்டு வகைத் தாள்களையும் ஒரே நாளில், ஒரே மேசையில் பார்க்கிற ஆள் என்ற முறையில் உங்களிடம் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது.

உங்கள் ஆட்கள் கூடுகிற இடங்களில் மைக்கல் லீ-சின்னின் பெயர் அடிபடாமல் இருப்பதில்லை. அது நியாயம்தான். குடிவரவாளராக வந்து, வீடு வீடாகப் போய் ஃபண்ட் விற்று, பிறகு கோடீஸ்வரராகி, அதற்குப் பிறகு அள்ளிக் கொடுத்த ஒரு மனிதரைப் பார்த்து இதே தொழிலில் இருக்கும் உங்களுக்கு ஆசை வருவது இயல்பு. அவருடைய வாழ்க்கையை நானும் ஆவலோடு வாசித்தவன். ஆனால் மேடையில் அதைச் சொல்கிறவர்கள் ஓடிக் கடக்கிற இரண்டு இடங்கள் இருக்கின்றன. எனக்கு அந்த இரண்டும்தான் முக்கியமாகப் படுகின்றன.

அவர் 1951இல் ஜமேக்காவின் போர்ட் அன்ரோனியோ என்ற கரையோர ஊரில் பிறந்தவர். சீனமும் ஆபிரிக்கமும் கலந்த குடும்பம், பிள்ளைகளில் மூத்தவர். 1970இல் ஹமில்ரனில் உள்ள மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்துக்குச் சிவில் எஞ்சினியரிங் படிக்க வந்தார். படித்து முடித்து ஊருக்குத் திரும்பி வீதி வேலைகளில் எஞ்சினியராகச் சில காலம் இருந்துவிட்டு மறுபடி கனடாவுக்கு வந்தார். 1977இல், 26 வயதில், ஹமில்ரனில் மியூச்சுவல் ஃபண்ட் விற்கும் ஆலோசகராகச் சேர்ந்தார். 1983இல் ஐந்து லட்சம் டொலர் கடன் எடுத்து மக்கென்சி என்ற ஃபண்ட் நிறுவனத்தின் பங்குகளை வாங்கினார். அது நாலு வருடத்தில் பல மடங்காக ஏறியது. அந்த இலாபத்தில், 1987இல், கிச்சனரில் இருந்த ஏ.ஐ.சி என்ற சின்னஞ்சிறிய நிறுவனத்தை இரண்டு லட்சம் டொலருக்கு வாங்கினார். அப்போது அந்த நிறுவனம் பார்த்துக்கொண்டிருந்த முதலீடு முழுவதையும் சேர்த்தால் ஒரு மில்லியன் டொலர்கூட வராது. உச்சத்துக்குப் போனபோது அது 15 பில்லியனாக இருந்தது. 2002இல் ஜமேக்காவின் நாஷனல் கொமர்ஷல் வங்கியில் 75 வீதப் பங்கையும் வாங்கினார்.

இங்கே ஒரு சொல் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அந்த 1983ஆம் ஆண்டுக் கடனை மட்டும் பிடித்துக்கொண்டு, வீட்டின் மேல் கடன் எடுத்து முதலீடு செய்யச் சொல்லி எங்கள் சனத்துக்கு ஆலோசனை சொன்னவர்கள் இருக்கிறார்கள். லீ-சின் வைத்து விளையாடியது தன்னுடைய தலையை. இரண்டு வேலை செய்து தவணை கட்டுகிற குடும்பத்தின் வீடு அப்படியான விளையாட்டுக்கு உரியதல்ல.

சரி, அவருடைய கொடைக்கு வருவோம். 2003இல் ரோயல் ஒன்ராறியோ அருங்காட்சியகத்துக்கு 30 மில்லியன் டொலர் தருவதாக அறிவித்தார். புளூர் வீதியில் கண்ணாடியும் உலோகமும் முட்டி மோதி வெளியே வருவதுபோல நிற்கிறதே, டானியல் லிபெஸ்கின்ட் வடிவமைத்து 2007 ஜூனில் திறந்த அந்தக் கட்டடம், அதற்கு இருப்பது அவருடைய பெயர்தான். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் றொட்மன் வணிகக் கல்லூரிக்கு 10 மில்லியன். பேர்லிங்ரனில் உள்ள ஜோசப் பிரான்ற் வைத்தியசாலைக்கு 10 மில்லியன். ஜமேக்காவில் தாயார் ஹயசிந்த் சென் பெயரில் ஒரு தாதியர் பள்ளி. இந்தக் கடைசிக் கொடைதான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. ஊரிலுள்ள பிள்ளைகள் தொழில் படித்து வெளியே வருகிற இடத்தில் அம்மாவின் பெயர் இருக்கிறது.

இனி நான் சொன்ன முதல் இடம். கனடாவுக்கு வந்து ஒரு வருடம் படித்ததும் லீ-சின்னிடம் கைக்காசு முடிந்துவிட்டது. அடுத்த வருடக் கட்டணத்துக்கு வழியில்லை. அங்கும் இங்கும் உதவி கேட்டு எழுதிப் பார்த்தார், நடக்கவில்லை. கடைசியில் அன்றைய ஜமேக்காப் பிரதமர் ஹியூ ஷியரருக்கு எழுதினார். அரசாங்கத்திடமிருந்து புலமைப்பரிசில் கிடைத்தது. படிப்பு முடிந்தது.

அதை நீங்கள் மேடையில் சொல்கிறபோது "பாருங்கோ, விடாமுயற்சி" என்று முடிக்கிறீர்கள். விடாமுயற்சிதான், மறுக்கவில்லை. ஆனால் மறுபக்கத்தில் யாரோ அந்தக் கடிதத்தை வாசித்து, சரி என்று சொல்லி, காசை எடுத்துக் கொடுத்தார்கள் அல்லவா? அந்தக் காசு பெரிய தொழிலதிபரின் காசு அல்ல. வாழைத் தோட்டத்திலும் கரும்புத் தோட்டத்திலும் வேலை செய்த சனத்தின் வரிக்காசு. அதற்கு எந்தக் கட்டடத்திலும் பெயர்ப்பலகை கிடையாது. அது கிடைத்திராவிட்டால், பணமில்லாமல் படிப்பை விட்ட ஆயிரம் வெளிநாட்டு மாணவர்களில் ஒருவராக அவரும் போயிருப்பார். புளூர் வீதியில் அந்தக் கட்டடத்துக்கு வேறு யாருடைய பெயரோ இருந்திருக்கும். இந்தக் கதையின் முதல் கொடையாளர் லீ-சின் அல்ல. அவருக்குக் கொடுத்தவர்கள்.

இரண்டாவது இடம் கொஞ்சம் கசப்பானது. 2004 டிசம்பரில் ஒன்ராறியோ பங்குப் பிணையங்கள் ஆணையம் ஏ.ஐ.சி உட்பட நான்கு ஃபண்ட் நிறுவனங்களோடு ஒரு தீர்வுக்கு வந்தது. சில பெரிய முதலீட்டாளர்கள் ஃபண்டுகளுக்குள் அடிக்கடி புகுந்து வெளியேறி இலாபம் எடுத்ததை இந்த நிறுவனங்கள் தடுக்கவில்லை. அதனால் நீண்டகாலத்துக்குக் காசு போட்டிருந்த சாதாரண முதலீட்டாளருக்கு நட்டம் வந்தது என்பது விடயம். ஏ.ஐ.சி தன் முதலீட்டாளர்களுக்குத் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்ட தொகை 58.8 மில்லியன் டொலர். அருங்காட்சியகத்துக்கு அறிவித்த கொடையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2009இல், முந்திய உயரத்திலிருந்து வெகுவாக இறங்கியிருந்த ஏ.ஐ.சியின் ஃபண்டுகள் மனுலைஃபின் கைக்குப் போயின.

இதைச் சொல்வது அந்த மனிதரைக் கீழே இறக்குவதற்காக அல்ல. அவர் காசு கொடுத்த வைத்தியசாலையில் இன்றைக்கும் நோயாளிகள் படுத்திருக்கிறார்கள். அந்த நன்மை நன்மைதான். நான் சொல்வது வேறு. ஒரு நிதி ஆலோசகரின் கொடைக்கு இரண்டு கணக்குப் புத்தகங்கள் உண்டு. மேடையில் வாசிக்கிற புத்தகத்தில் எவ்வளவு பெரிய எண் இருந்தாலும், வாடிக்கையாளரின் புத்தகத்தில் ஓட்டை இருந்தால் அது அடைபடுவதில்லை. மற்றத் தொழில்காரர் பொருளை விற்றுச் சம்பாதித்துக் கொடுக்கிறார்கள். நீங்கள் மற்றவர்களின் சேமிப்பிலிருந்து சம்பாதித்துக் கொடுக்கிறீர்கள். அதனால் உங்களுடைய முதல் கொடை அந்தச் சேமிப்புக்காரருக்குப் போகவேண்டும். இதுதான் என் எண்ணம். இதை ஒரு தாளை வைத்துக் காட்டுகிறேன்.

ஒரு தாய் வந்தார். பொதியிடும் தொழிற்சாலையில் இரவு வேலை. பிளாஸ்ரிக் பையொன்றில் தாள்களை மடித்து மடித்து வைத்திருந்தார். மகனுக்கு 11 வயது. "பிள்ளையின்ர படிப்புக் காசு மாசம் 60 டொலர் கட்டுறன், அதுக்கும் வரியில ஏதும் குறைப்பாங்களோ தம்பி?" என்று கேட்டு ஒரு பத்திரத்தை எடுத்து நீட்டினார். பார்த்தேன். அது ஆர்.ஈ.எஸ்.பி இல்லை. மகனின் பெயரில் எழுதிய ஆயுள் காப்புறுதி. பிள்ளை பிறந்த வருடத்திலிருந்து ஒரு மாதமும் தவறாமல் கட்டி வந்திருக்கிறார். எழுதிக் கொடுத்தவர் தமிழர், தெரிந்தவர், வீட்டுக்கு வந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனவர். "படிப்புக்கும் எடுக்கலாம்" என்று சொன்னாராம். அது பொய்யில்லை. அதற்குள் சேர்கிற பெறுமதியை எடுக்கலாம்தான். ஆனால் சொல்லாமல் விட்டது எவ்வளவு என்று அவருக்கு முன்னாலேயே கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

மாதம் 60 என்றால் வருடம் 720 டொலர். அதை ஆர்.ஈ.எஸ்.பியில் போட்டிருந்தால் அரசாங்கம் 20 வீதம், அதாவது 144 டொலர், சேர்த்துப் போட்டிருக்கும். அந்தக் குடும்பத்தின் வருமானத்துக்கு, முதல் 500 டொலருக்கு இன்னொரு 20 வீதம் உண்டு. அது 100 டொலர். இவற்றுக்கு மேலே, வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளையின் ஆர்.ஈ.எஸ்.பியில் அரசாங்கம் போடுகிற கனடா லேர்னிங் பொண்ட். அதற்குத் தாய் ஒரு சதம்கூடப் போடத் தேவையில்லை. முதல் வருடம் 500, பிறகு தகுதி இருக்கிற ஒவ்வொரு வருடமும் 100, பிள்ளைக்கு 15 வயது வரைக்கும், மொத்தம் 2,000 டொலர் வரை. ஆக, வருடத்துக்கு 344 டொலர் சும்மா வந்திருக்கவேண்டியது. பதினொரு வருடம். லேர்னிங் பொண்டைப் பின்னோக்கி எடுக்கலாம். அதை எடுத்துக் கொடுக்க வழி செய்தோம். 20 வீத மானியத்தில் தவறவிட்டதையும், போடக் காசு இருந்தால், கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்கலாம். முதல் 500 டொலருக்கு வரவேண்டியிருந்த அந்தக் கூடுதல் 100 டொலர்கள் போனது போனதுதான்.

அந்தத் தாய் கோபப்படவில்லை. அந்த ஆலோசகரைத் திட்டவும் இல்லை. "அவர் நல்ல மனுசன், எங்கட கோயிலுக்கெல்லாம் எவ்வளவு செய்யிறவர்" என்றுதான் சொன்னார். நானும் அதை நம்புகிறேன். அவர் செய்கிறவர்தான்.

லேர்னிங் பொண்டில் உங்களுக்குக் கொமிஷன் இல்லை. காசே போடாத கணக்கில் கொமிஷன் எங்கிருந்து வரும்? காப்புறுதியில் முதல் வருடத்திலேயே பெரிய தொகை வருகிறது. வேறு விளக்கம் தேவையில்லை. தகுதியுள்ள பிள்ளைகளில் பாதிப்பேருக்குக்கூட இந்தப் பொண்ட் போய்ச் சேராமல் இத்தனை வருடம் கிடந்ததற்குப் படிவமும் மொழியும் அலைச்சலும் காரணங்கள். அந்தப் படிவத்தை நிரப்பத் தெரிந்தவருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது என்பதும் ஒரு காரணம். வருமானம் குறைந்த குடும்பத்தில் 2004இலோ அதற்குப் பிறகோ பிறந்த பிள்ளை, சமூகக் காப்புறுதி இலக்கம், வரிக் கணக்குக் கொடுத்த பெற்றோர், ஒரு ஆர்.ஈ.எஸ்.பி கணக்கு. இவ்வளவும் இருந்தால் போதும். பெற்றோர் எடுக்காமல் விட்டால்கூட, பிள்ளை 18 வயதானதும் 21 ஆவதற்குள் தானே கேட்டு எடுக்கலாம். இது ஸ்காபரோவின் அடுக்குமாடிகளில் எத்தனை வீடுகளுக்குத் தெரியும்? உங்களைவிட அந்த வீடுகளின் கதவு வேறு யாருக்குத் திறக்கும்?

இதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பழைய ஆயுள் காப்புறுதியை நிறுத்திவிட்டுப் புதியது எழுதுவது சில வேளை சரியான முடிவாக இருக்கலாம். ஆனால் புதிய பத்திரத்தில் முதல் இரண்டு வருடம், விண்ணப்பத்தில் பிழையாகவோ குறையாகவோ சொன்னதைக் காட்டிக் கோரிக்கையை நிறுவனம் மறுக்கலாம். தற்கொலை என்றால் பணம் தரமாட்டோம் என்கிற காலமும் புதிதாகத் தொடங்கும். வயது கூடியதால் தவணையும் கூடும். இது விளங்காமல் கையெழுத்து வைத்தவர்களை வருடாவருடம் பார்க்கிறேன். மியூச்சுவல் ஃபண்டில் முன்னாலேயே 5 வீதக் கொமிஷனை எடுத்துவிட்டு, ஆறு ஏழு வருடத்துக்குள் காசை எடுத்தால் முதலீட்டாளரிடம் தண்டம் அறவிடுகிற முறை இருந்தது. அதை 2022 ஜூன் 1 முதல் நாடு முழுவதும் தடுத்துவிட்டார்கள். தடை வருவதற்கு முன்னாலேயே அந்த வகையை விற்காமல் விட்ட ஒரு சில தமிழ் ஆலோசகர்களை எனக்குத் தெரியும். வருமானம் குறைந்தது, விட்டார்கள். அவர்களை எந்த மேடையிலும் யாரும் பொன்னாடை போர்த்திக் கூப்பிடவில்லை. என் கணக்கில் அவர்கள்தான் கொடையாளர்கள்.

இளம் ஆலோசகர்களின் நிலை எனக்கு விளங்காமல் இல்லை. பகலில் ஒரு வேலை, பின்னேரத்தில் இது. சோதனை பாஸ் பண்ணிய அடுத்த கிழமையே ஒரு தாளைத் தந்து சொந்தக்காரர், கூடப் படித்தவர்கள், கலியாணத்துக்கு வந்தவர்கள் என்று நூறு பெயரை எழுதச் சொல்வார்கள். முதல் விற்பனை மாமாவுக்கு, இரண்டாவது சித்திக்கு. மேலே இருப்பவருக்கு அதில் பங்கு உண்டு. அந்த நிலையில் இருக்கிற பிள்ளையிடம் லேர்னிங் பொண்ட் படிவம் நிரப்பு என்றால் அவருக்கு வீட்டு வாடகை யார் கட்டுவது? ஆகவே நான் அவர்களிடம் கேட்கவில்லை. இருபது வருடம், இருபத்தைந்து வருடம் இந்தத் தொழிலில் இருந்து, வீடும் அலுவலகமும் வாங்கி, இப்போது கொடுக்கிற நிலைக்கு வந்திருக்கிற மூத்தவர்களிடம்தான் கேட்கிறேன். உங்களுக்குக் கீழே வேலை பழகுகிறவர்கள் இப்படியான ஒரு வீட்டுக்குப் போய்ப் படிவம் நிரப்பினால், அந்த நேரத்துக்கு உங்கள் கையிலிருந்து சம்பளம் கொடுங்கள். உங்கள் கொடையில் ஒரு பங்கு அதற்குப் போகட்டும். இதற்கு வரி ரசீது கிடைக்காது. கிடைக்காமல் போகட்டும்.

இரவு விருந்துகளுக்கு நான் எதிரி அல்ல. எங்கள் சமூகம் சேர்ந்து கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் உள்ள தமிழ் இருக்கை, அதாவது தமிழுக்கென்று வைத்த நிரந்தரப் பேராசிரியர் பதவி, சாட்சி. 30 லட்சம் டொலர் இலக்கு. 2018இல் தொடங்கி 2021இல் சேர்த்து முடித்தார்கள். பெரிய காசோலைகளும் இருந்தன, பிள்ளைகளின் உண்டியல் காசும் இருந்தது. நானும் அதில் பெருமைப்படுகிறவன். ஆனால் விருந்து வைத்துக் காசு சேர்க்கிற உங்கள் சங்கங்களிடம் ஒன்று கேட்பேன். மண்டபத்துக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு, போய்ச் சேர்ந்தது எவ்வளவு என்று ஒரு பக்கத்தில் எழுதி அடுத்த மாதமே வெளியிடுங்கள். பதிவுசெய்த தொண்டு நிறுவனம் ஒவ்வொன்றும் கனடா வருமானவரித் துறைக்கு வருடாந்தம் கொடுக்கிற டி3010 படிவத்தை யாரும் இணையத்தில் எடுத்துப் பார்க்கலாம். பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பதற்கு முன் நீங்களே சொன்னால் அழகு.

இனி, நான் உங்களிடம் முக்கியமாகக் கேட்க வந்த விடயம். லீ-சின்னைப்போல ஆகவேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள். நல்லது. அவருக்குக் கிடைத்ததைக் கொடுக்கிற இடத்தில் முதலில் இருங்கள். இரண்டாம் வருடக் கட்டணத்துக்கு வழியில்லாமல் நிற்கிற மாணவருக்கு ஒரு நிதி வையுங்கள்.

ஏன் இரண்டாம் வருடம்? முதல் வருடத்துக்கு நுழைவுப் புலமைப்பரிசில்கள் பலவும் இருக்கின்றன. உறவினர்கள் கைகொடுப்பார்கள், ஊரில் காணியை ஈடு வைத்து அனுப்புவார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் 95 எடுத்த பிள்ளைக்குக் கைதட்ட ஆட்கள் இருக்கிறார்கள். அடுத்த வருடம் தகப்பனுக்கு வேலை போகும், அல்லது தாய்க்கு வருத்தம் வரும், அல்லது அனுப்பிக்கொண்டிருந்த மாமா கையை விரிப்பார். அந்த நேரத்தில் பிள்ளை ஒரு தவணையை விடும். பிறகு இன்னொன்று. பிறகு முழு நேரமாகக் களஞ்சியத்தில் வேலைக்குப் போய்விடும். இப்படிப் போனவர்களின் சம்பளத்தைக் காட்டுகிற டி4 தாள்களும் என் மேசைக்கு வருகின்றன. கட்டணத்துக்குரிய டி2202 படிவம் போன வருடம் இருந்தது, இந்த வருடம் இல்லை. கேட்டால் "விட்டுட்டன் அண்ணை, பிறகு பாப்பம்" என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

இவர்களுக்குள்ளும் ஒரு பகுதியினருக்கு எந்த வாசலும் இல்லை. அகதிக் கோரிக்கை வைத்து முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளைக்கு ஒன்ராறியோ அரசாங்கத்தின் ஓசாப் கடனோ உதவியோ கிடையாது. கோரிக்கையை ஏற்றுக்கொண்ட பிறகுதான் கிடைக்கும். மாணவர் விசாவில் வந்த பிள்ளைக்கும் இல்லை. 1970இல் லீ-சின் வந்ததும் அப்படி ஒரு வெளிநாட்டு மாணவனாகத்தான். உங்களில் எத்தனையோ பேர் இங்கே வந்த முதல் வருடங்களில் எந்த உதவிக்கும் தகுதியில்லாத ஆட்களாக இருந்தீர்கள். அந்த வருடங்களை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

இந்த நிதியை வைக்கும்போது ஒரு பிடிவாதத்தை விடவேண்டியிருக்கும். பெயர் நிலைக்கவேண்டும் என்று, முதலைத் தொடாமல் அதன் வருமானத்தை மட்டும் செலவழிக்கிற நிரந்தர மூலதனமாகப் போடுவதுதான் எங்கள் ஆட்களின் வழக்கம். 50,000 டொலரைப் பல்கலைக்கழகத்தில் அப்படிப் போட்டால், 4 வீதம் என்று வைத்தாலும், வருடத்துக்கு 2,000 டொலர் ஒரு பிள்ளைக்குப் போகும். பெயர் என்றென்றைக்கும் இருக்கும். அதே 50,000ஐ ஐந்து வருடத்தில் செலவழிப்பது என்று முடிவெடுத்தால் வருடத்துக்கு 10,000. அது ஒரு பிள்ளையின் படிப்பைக் காப்பாற்றுகிற காசு. ஐந்து வருடத்தில் நிதி முடியும், பெயரும் முடியும். படித்து வெளியே வந்தவர்கள் இருப்பார்கள். இரண்டு முறைக்கும் நியாயம் உண்டு. தமிழ் இருக்கைபோன்ற ஒன்றுக்கு நிரந்தர மூலதனம்தான் சரி. தவணைக் கட்டணத்துக்குக் கடைசித் திகதி அடுத்த வெள்ளிக்கிழமை என்றிருக்கிற பிள்ளைக்கு அது உதவாது. ஷியரருக்கு எழுதிய அந்த மாணவனுக்குத் தேவைப்பட்டது அந்த வருடக் காசு.

விண்ணப்பத்தைக் கூட எளிதாக வையுங்கள். ஒரு பக்கக் கடிதம், கட்டணப் பற்றுச்சீட்டு, பல்கலைக்கழகம் தருகிற பதிவுத் தாள். மேடைக்கு ஏறிக் கையில் வாங்கவேண்டும், பெற்றோரோடு நின்று படம் எடுக்கவேண்டும் என்ற நிபந்தனை வேண்டாம். தன் வீட்டுக் கஷ்டம் ஊருக்குத் தெரியவரும் என்று பயந்தே விண்ணப்பிக்காத பிள்ளைகள் உண்டு. காசு நேரே பல்கலைக்கழகக் கணக்குக்குப் போகட்டும்.

காசு எங்கிருந்து வரும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் ஒன்றை நினைவூட்டுகிறேன். விலை ஏறிய பங்கை விற்றுக் கொடுத்தால் மூலதன ஆதாயத்தில், அதாவது விலை ஏறியதால் வந்த இலாபத்தில், பாதிக்கு வரி. பங்குச் சந்தையில் உள்ள பங்கை அப்படியே பதிவுசெய்த தொண்டு நிறுவனத்தின் பெயருக்கு மாற்றினால் அந்த ஆதாயத்துக்குப் பொதுவாக வரி இல்லை. 2006இலிருந்து சட்டம் அப்படி. 10,000க்கு வாங்கி 40,000 ஆன பங்கு என்றால் 40,000க்கும் ரசீது கிடைக்கும். இதைச் செய்யக்கூடிய வாடிக்கையாளர்கள் உங்களிடம் இருக்கிறார்கள். வீடு கட்டி விற்றவர்கள், வைத்தியர்கள், பல் வைத்தியர்கள். அவர்களுடைய வரிக் கணக்கில் இந்த வழியை மிக அரிதாகத்தான் காண்கிறேன். பங்கு வெளியே போனால் உங்களுடைய புத்தகத்தில் சொத்து குறையும், அதோடு வருமானமும் குறையும். அதனால் வாய் திறக்காமல் இருந்தவர்கள் இருந்தால், இந்த வருடம் ஒரு வாடிக்கையாளரிடமாவது வாய் திறந்து சொல்லுங்கள். முடிவு அவருடையது.

மார்ச் மாதத்துச் சனிக்கிழமைகளில் என் அலுவலகத்தின் முன் அறையை லேர்னிங் பொண்ட் படிவங்களுக்காக ஒதுக்கி வைக்கிறேன். வரிக் கணக்குக்கு வருகிற குடும்பங்களில் தகுதியுள்ளவர்களை நானே அனுப்புவேன். கணினியும் இருக்கிறது, மொழிபெயர்க்க ஆளும் இருக்கிறது. ஆர்.ஈ.எஸ்.பி திறக்க உரிமம் உள்ள ஆலோசகர்கள்தான் என்னிடம் இல்லை. சனிக்கிழமைக்கு இரண்டு பேர் வந்தால் போதும். எதையும் விற்கக்கூடாது, விசிற்றிங் கார்ட் கொடுக்கக்கூடாது என்பது மட்டும் என் நிபந்தனை. இரண்டாம் வருட நிதியைப் பற்றிப் பேச உங்கள் சங்கங்கள் கூட்டம் வைத்தால், படிப்பை விட்ட பிள்ளைகளில் பேசச் சம்மதிக்கிறவர்கள் இருவரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். ஜனவரி முடிவதற்குள் பதில் சொல்லுங்கள். அதற்குப் பிறகு எனக்குத் தாள்களுக்குள்ளிருந்து தலைநிமிர்த்த நேரமிருக்காது.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து ஒரு வரிக் கணக்காளர்